ஆட்டக்காரரைக் கொள்ளலும் கொடுத்தலும்: ஆர்சனல் கழக வரலாறு கொண்டு ஓர் ஆராய்ச்சி

பொருள் கொடுத்துக் கொள்ளப்படுவன உலகில் பல. நிலமும் நெல்லும் ஆடையும் அணிகலனும் விலை பெறுதல் யாவரும் அறிந்ததே. ஆயின், ஒரு மனிதனுடைய ஆட்டத் திறமைக்கு விலை குறித்து, அத்திறமையை ஒரு கழகம் மற்றொரு கழகத்திற்குக் கொடுப்பதும், கொண்ட கழகம் அவனைத் தன் உடையில் களத்திலே நிறுத்துவதும், பழைய உலகம் அறியாத வாணிகம். இவ்வாணிகத்தில் எது நல்ல கொள்முதல், எது வீண் செலவு என்பதை எவ்வாறு அறிவது? இதுவே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

நம் நாட்டவர்க்கு இவ்வழக்கம் கண்கூடாகப் புலப்பட்டது, 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 20-ஆம் நாள் மும்பையில் நிகழ்ந்த கிரிக்கெட் ஏலத்தின்போதாகும். அன்று சென்னை அணியார் மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தனர். ஏனைய அணிகள் சில, தத்தம் ஊர்க்குரிய பெருவீரரை ஏலத்திற்கு முன்னரே தமக்கென நிறுத்திக்கொண்டிருந்தன. அப்பெருவீரருக்கு, அவ்வணி ஏலத்தில் மிக்க விலைக்கு எடுத்தவரினும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடுதலாகக் கொடுத்தல் வேண்டுமென்பது விதி. சென்னைக்கு அத்தகைய கட்டு ஒன்றும் இல்லாமையால் தயங்காமற் கேட்க முடிந்தது. பின்னர் அவ்வணி ஐந்து முறை வாகை சூடிற்று. ஐந்து முறையும் தலைவராய் நின்றவர் அவரே. நல்ல கொள்முதலென்று இதனை ஒப்புக்கொள்ளாதார் இலர்.

எனினும் ஏலமென்பது ஒரு நாட் காட்சி. அதன் பயனை மட்டுமே நாம் காண்கிறோம், வாங்குவோர் நெஞ்சில் நிகழ்ந்த ஆலோசனையைக் காண்பதில்லை. ஆலோசனையைக் காணவேண்டின், இவ்வழக்கம் முளைத்து வளர்ந்த இங்கிலாந்தின் கால்பந்தாட்டத்தை நோக்குதல் தகும். அங்கும் பல கழகங்களைத் தொட்டுத் தொட்டுச் செல்லுவதினும் ஒன்றனையே ஊன்றி நோக்குவது நலம். இலண்டன் மாநகரின் ஆர்சனல் கழகத்தை யான் எடுத்துக்கொள்ளுகிறேன். அதன்பால் எனக்குப் பற்று உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆயினும் பற்று மட்டும் காரணமன்று. மிகக் குறைந்த விலைக்கும், நாடே வியக்கத்தக்க பெருவிலைக்கும் ஆட்டக்காரரை அது வாங்கியிருக்கிறது. இவ்வாணிகத்தின் சட்டம் மாறியபோதெல்லாம் அம்மாறுதலின் நடுவே அக்கழகத்தின் பெயர் காணப்படுகிறது.

முதற்கண் சட்டத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கத்தார், சம்பளம் பெற்று ஆடுவதை அனுமதித்தனர். 1888-இல் பன்னிரண்டு கழகங்கள் கூடி லீக் என்னும் தொடர் போட்டியை நிறுவின. பணமுள்ள கழகம் ஏனையவற்றின் நல்லாட்டக்காரரை எல்லாம் கவர்ந்துகொள்ளுமே என்னும் அச்சத்தால் 1893-இல் ஒரு விதி ஏற்பட்டது. அதன்படி ஒவ்வோர் ஆட்டக்காரனும் ஒரு கழகத்தில் பெயர் பதிந்துகொள்ளல் வேண்டும். ஒப்பந்தம் ஓராண்டிற்கே, ஆனால் ஆண்டு முடிந்தாலும் பதிவு முடிவதில்லை. பழைய கழகம் இசைந்து விடுவித்தாலொழிய லீக்கிலுள்ள வேறெந்தக் கழகத்திலும் அவன் ஆடமுடியாது. அவ்வாறு விடுவிப்பதற்குப் பெறும் தொகையே மாற்றுத்தொகை. இத்தொகை கழகத்திற்குச் சேர்வது, ஆட்டக்காரனுக்கன்று. அவனுக்கோ 1901 முதல் வாரத்திற்கு 4 பவுனுக்கு மேற்படலாகாது என்று சம்பளமும் வரையறுக்கப்பட்டிருந்தது. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆல்ஃப் காமன் என்பவரைச் சண்டர்லாந்துக் கழகம் மிடில்ஸ்பரோவுக்கு 1,000 பவுனுக்கு விட்டது. ஆயிரம் என்னும் எண் அன்று பலரைத் திடுக்கிடச் செய்தது. தாழ்ந்த பிரிவுக்கு இறங்கும் நிலையிலிருந்த மிடில்ஸ்பரோ அவ்வாண்டு தப்பிப் பிழைத்தது.

நம் உழவர் மாட்டுத்தாவணிக்குச் செல்லும் முறை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அறிவுடைய உழவன் தாவணிக்குப் புறப்படுமுன் தன் தொழுவத்தை நோக்குகிறான். அங்கே நிற்கும் எருதின் உயரமென்ன, நடையென்ன, இடத்தில் பூட்டத்தக்கதா, வலத்தில் பூட்டத்தக்கதா என்று எண்ணிய பின்னரே அதற்கு இணை தேடப் போகிறான். சுழியும் பல்லும் கொம்பும் பார்ப்பது அதன் பின். தாவணியிலே எல்லாரும் மெச்சும் காளையை வாங்கி வந்து, வீட்டு எருதோடு நுகத்தில் ஒவ்வாமல் வருந்துவோனும் உண்டு. ஆர்சனலின் நல்ல கொள்முதல்கள் யாவும் தொழுவத்தை முதலில் நோக்கியவன் செய்தவை என்பது என் கருத்து. மனிதன் எருதல்லன் என்பதும் உண்மை. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1925-ஆம் ஆண்டில் ஆர்சனல் ஒரு கோப்பையும் லீக் பட்டமும் வென்றறியாத கழகம். அதன் தலைவர் சர் ஹென்றி நாரிஸ், மானேஜர் பதவிக்கு விளம்பரம் செய்தபோது, பெருந்தொகை கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவதொன்றையே வல்லமையாக உடையவர் விண்ணப்பிக்க வேண்டா என்னும் கருத்துப்பட எழுதினார். வந்தவர் ஹெர்பர்ட் சாப்மன். ஹடர்ஸ்ஃபீல்டு கழகத்தை 1924, 1925 ஆகிய ஈராண்டும் லீக்கில் முதன்மை பெறச் செய்தவர் அவர். வந்தவுடன் அவர் கேட்ட முதல் ஆட்டக்காரர் சண்டர்லாந்தின் சார்லஸ் புக்கன். புக்கனுக்கு வயது அப்பொழுது முப்பத்துமூன்று. சண்டர்லாந்தின் மானேஜர் 4,000 பவுன் கேட்டார். இம்முதியவருக்கு இவ்வளவோ என்று நாரிஸ் மலைத்தார். அவர் ஆண்டுக்கு இருபது கோல் போடுவாரென்று சண்டர்லாந்து மானேஜர் உறுதி கூறவே, அவ்வுறுதியையே நாரிஸ் பேரமாக்கினார். ரொக்கம் 2,000 பவுன்; முதலாண்டில் அவர் இடும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுன் என முடிந்தது. புக்கன் 21 கோல் இட்டார். ஆகவே ஆர்சனல் கொடுத்தது மொத்தம் 4,100 பவுன். கேட்டதினும் நூறு மிகுதி! இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. இதே புக்கன் 1909-இல் இளைஞராக இருந்தபோது இதே கழகத்தில் சேர்ந்து, பதினொரு ஷில்லிங் வழிச்செலவைக் கொடுக்க மறுத்தமையால் விலகிச் சென்றவர். பதினொரு ஷில்லிங்கை மிச்சம் பிடித்த கணக்கன் 1925-இல் உயிரோடிருந்தானாயின் என்ன நினைத்தானோ!

ஆயினும் புக்கனைக் கொண்டதன் உண்மையான பயன் அவருடைய கோல்களன்று. அவ்வாண்டு ஆட்டத்தின் விதியே மாறியிருந்தது. பந்து தனக்கு அனுப்பப்படும் நேரத்தில், முன்னணி ஆட்டக்காரனுக்கும் எதிரியின் கோல் எல்லைக்கும் இடையே எதிரிகள் மூவராவது இருத்தல் வேண்டும்; இன்றேல் ஆப்சைடு என்பது பழைய விதி. பின்காப்பாளர் இருவருள் ஒருவர் சற்று முன்னே நகர்ந்தாற் போதும், தாக்குவோர் வலையிற் பட்ட பறவைபோல் அகப்பட்டு விடுவர். இதனால் கோல்கள் அருகின. ஆட்டம் சலிப்புத் தந்தது. 1925-இல் மூவர் என்பதை இருவர் என்று திருத்தினர். முதற்பிரிவில் முந்திய ஆண்டு 1,192 ஆக இருந்த கோல்கள் 1,703 ஆயின. பழைய முறையிலேயே நின்று காத்த கழகங்கள் திக்குமுக்காடின. அக்டோபர் 3-ஆம் நாள் நியூகாசில் நகரில் ஆர்சனல் ஏழு கோல்களை வாங்கி, ஒன்றும் இடாமல் தோற்றது.

அத்தோல்விக்குப் பின் புக்கன் தம் கருத்தை வற்புறுத்தினார். தாக்குவதும் காப்பதுமாக நடுவில் உலவும் நடுக்காப்பாளனைப் பின்னே இழுத்து, இரு பின்காப்பாளர்க்கு இடையே மூன்றாமவனாக நிறுத்துதல் வேண்டும். அதனால் நடுவில் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப, முன்னணி ஐவருள் ஒருவன் சற்றுப் பின்னே நின்று, காப்போர் தரும் பந்தைப் பெற்றுத் தாக்குவோர்க்கு வழங்குதல் வேண்டும் என்றார். சாப்மன் இசைந்தார். ஆயினும் பந்து வழங்கும் அவ்விடத்தைப் புக்கனுக்கே தர அவர் உடன்படவில்லை. புக்கனுடைய கோல்கள் வேண்டியிருந்தன. மூன்றாம் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஆண்டி நீல் என்பவரைக் கொண்டுவந்தனர். ஓட்டத்தில் மெதுவானவர், ஆனால் பந்தை அடக்கி நிறுத்தவும், நிறுத்தியபின் யாருக்கு அனுப்பலாமென எண்ணவும் வல்லவர். இரண்டு நாள் கழித்து வெஸ்ட் ஹாம் கழகத்தை அதன் களத்திலேயே ஆர்சனல் நாலுக்குப் பூஜ்யமாக வென்றது. அவ்வாண்டு லீக்கில் இரண்டாம் இடமும் பெற்றது. 4,100 பவுன் கொடுத்துச் சாப்மன் வாங்கியது ஒரு மூளையை.

இப்பொழுது தொழுவத்தில் இரண்டு இடங்கள் காலியாயின. ஒன்று மூன்றாம் பின்காப்பாளன் இடம். மற்றொன்று பந்து வழங்குவோன் இடம். அவ்விடங்களில் நின்றவர் அவற்றுக்கென அமைந்தவரல்லர். முதலாவதற்குச் சாப்மன் 1926-இல் கண்டெடுத்தவர் ஆஸ்வெஸ்ட்ரி என்னும் சிற்றூர்க் கழகத்தில் ஆடிய ஹெர்பி ராபர்ட்ஸ். விலை 200 பவுன். அழகிய ஆட்டமென்று சொல்லும்படி அவரிடம் ஒன்றும் இல்லை. எதிரணியின் நடு முன்னணியான் எங்கே செல்கிறானோ அங்கே நிழல்போற் செல்வது, வரும் பந்தைத் தலையால் தள்ளுவது, தன் இடம் விட்டு நகராதிருப்பது ஆகிய இவையே அவர் செய்தவை. பிற ஊர்களில் பார்வையாளர் அவரைக் கண்டு கூச்சலிட்டனர், பொறுமையாக ஆடினார். பத்தாண்டளவும் அவ்விடத்திற்கு வேறொருவரை நாட நேரவில்லை. மலிவில் சிறந்த கொள்முதல் யாதென்று எவரேனும் கேட்பின் தயங்காமல் ராபர்ட்ஸ் என்பேன்.

1928-இல் புக்கன் ஓய்வு பெற்றார். அவருடைய கோல்களுக்கு ஈடுசெய்யப் போல்ட்டன் கழகத்தின் டேவிட் ஜாக் வேண்டப்பட்டார். 1923-இல் வெம்பிளி அரங்கின் முதல் கோப்பை இறுதியாட்டத்தில் முதல் கோலை இட்ட புகழ் இவருக்கு உண்டு. போல்ட்டன் 13,000 பவுன் கேட்டது. அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் அதில் பாதியளவினும் சிறிது மிகுதியாகவே கொடுத்திருந்தனர். பேரம் ஓர் ஓட்டலில் நடந்தது. அன்று உடன் சென்றவரும் பின்னாளில் அக்கழகத்தின் செயலாளரானவருமான பாப் வால் சொல்லிய கதை சுவையானது. சாப்மன் முன்னதாகச் சென்று பரிசாரகனிடம், வரும் விருந்தினர் எதைக் கேட்டாலும் அவர்க்கு இருமடங்கு மது ஊற்றவும், தமக்கு மதுபோற் காணப்படும் வெறும் பானத்தையே தரவும் ஏற்பாடு செய்துவிட்டாராம். பேச்சு முடிந்தபோது விலை 10,890 பவுனுக்கு இறங்கியிருந்தது. மதுவிலக்குப் பிரசாரம் செய்வோர் இக்கதையைக் கைக்கொள்ளலாம். சாப்மனுடைய நேர்மையைப் பற்றி அவர்கள் என்ன சொல்வரோ அறியேன். ஜாக் 208 ஆட்டங்களில் 124 கோல் இட்டார். கொடுத்த விலை தகும். ஆனால் ஆட்டக்காரனாகிய அவர் புதுக் கழகத்தில் கையெழுத்திடுவதற்காக விதிப்படி பெறத்தக்கது 10 பவுன்தான் என்பதையும் வாசகர் மனத்திற் கொள்க.

பந்து வழங்குவோன் இடம் இன்னும் நிரம்பவில்லை. அதற்கு 1929-இல் வந்தவர் அலெக்ஸ் ஜேம்ஸ். ஸ்காட்லாந்து நாட்டவர், குட்டையர், முழங்காலை மறைத்துத் தொங்கும் அகன்ற காற்சட்டை அவருக்கு அடையாளம். 1928-இல் வெம்பிளியில் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து ஐந்துக்கு ஒன்றாக வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல் இட்டவர். பிரெஸ்டன் கழகத்திலிருந்து 8,750 பவுனுக்கு அவரைச் சாப்மன் கொண்டார். வாரச் சம்பளம் 8 பவுனுக்கு மேற்படலாகாது என்பது அன்றைய விதியாதலால், செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பெரிய கடையில் விளையாட்டுப் பொருள்களைப் பற்றி விளக்கிக் கூறும் வேலையாக ஆண்டுக்கு 250 பவுன் வேறு ஏற்பாடாயிற்று. லீக் அதிகாரிகள் ஐயுற்று விசாரணை நடத்தினர், குற்றம் காணவில்லை.

வந்த சில மாதங்கள் ஜேம்ஸ் சோபிக்கவில்லை. கோல் இடுவதிலும் பந்தை வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்ப்பதிலும் மகிழ்ந்தவரை, பின்னே நின்று பிறர்க்கு வழங்கு என்றால் எளிதில் வருமோ? பார்வையாளர் நகைத்தனர். பெருவிலை கொடுத்து ஏமாந்தோம் என்ற பேச்சும் எழுந்தது. சாப்மன் விடவில்லை. இவ்விடத்திலேதான் வாங்குவோன் வேறு, வளர்ப்போன் வேறு என்னும் வேற்றுமை மறைகிறது. பணங் கொடுத்த நாளோடு கொள்முதல் முடிந்ததென எண்ணுவோர் பலர். அன்றுதான் அது தொடங்குகிறது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் கோப்பையின் இறுதியாட்டம். எதிரிகள் சாப்மனுடைய பழைய ஹடர்ஸ்ஃபீல்டு கழகத்தாரே. வெறுமனே உதைக்கும் வாய்ப்பு ஒன்று கிடைத்தவுடன், எதிரிகள் அணிவகுத்து நிற்குமுன் ஜேம்ஸ் மத்தியஸ்தர் முகத்தை ஒருமுறை நோக்கினார். அவர் தலையசைக்கவே பந்தை இடப்புறத்து இளைஞர் ஒருவருக்கு அனுப்பி, திரும்பப் பெற்று, கோலுக்குள் செலுத்தினார். கிராஃப் செப்பலின் என்னும் ஆகாயக் கப்பல் அன்று அரங்கின் மேல் தாழப் பறந்து சென்றது. ஆர்சனல் இரண்டுக்குப் பூஜ்யமாக வென்று தன் முதற் கோப்பையைப் பெற்றது.

அவ்விளைஞர் கிளிஃப் பாஸ்டின். எக்சிட்டர் கழகத்தில் பதினேழு வயதில் ஆடிக்கொண்டிருந்தவரை 1929-இல் 2,000 பவுனுக்கு வாங்கினர். சாப்மன் உண்மையில் வாட்ஃபர்டு கழகத்தின் ஆட்டக்காரர் ஒருவரைப் பார்க்கச் சென்றார். எதிரணியில் நின்ற இப்பையனே கண்ணிற் பட்டான். பத்தொன்பது வயது முடியுமுன் லீக் பட்டம், கோப்பை, நாட்டு அணியில் இடம் மூன்றும் பாஸ்டினுக்குக் கிட்டின. பக்கக் கோட்டை ஒட்டி ஓடி, நடுவுக்குப் பந்தை அனுப்புவதே அக்காலத்துப் பக்க முன்னணியாரின் தொழில். பாஸ்டினோ உட்புறமாகத் திரும்பிக் கோலை நோக்கி ஓடுவார். ஜேம்ஸின் நெடிய உதை அவர் ஓடிச் சேரும் இடத்தில் விழும். 1932-33-ஆம் ஆண்டில் அவர் லீக்கில் 33 கோல் இட்டார். பக்கத்தில் நின்று ஆடுபவர் இத்துணைக் கோல் இடுதல் கேள்விப்படாதது. ஆர்சனலுக்காக அவர் இட்டவை மொத்தம் 178. ஜேம்ஸ் இட்டவையோ 261 ஆட்டங்களில் 27 மட்டுமே. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவன் 2,000 பவுன் கொள்முதலை மெச்சி, 8,750 பவுன் கொள்முதலை இகழ்வான். பாஸ்டினுடைய கோல்களுள் எத்தனை ஜேம்ஸின் காலில் பிறந்தவை என்பதை எந்தக் கணக்கும் காட்டாது. முப்பத்தைந்து வரையிலான அக்காலத்துக் கொள்முதல்களில் தலைசிறந்தது ஜேம்ஸே என்பது என் துணிபு. 1931-இல் 127 கோல்களோடு லீக் பட்டம். பின்னும் 1933, 1934, 1935 ஆண்டுகளில் பட்டம். சாப்மன் 1934 ஜனவரி 6-இல் காலமானார். அவர் பூட்டிய ஏர் அவருக்குப் பின்னும் ஓடிற்று.

ஜேம்ஸ் 1937-இல் ஓய்வு பெற்றபின் நிகழ்ந்ததையும் கூறாதொழிவது நடுவுநிலை ஆகாது. 1938-இல் அவ்விடத்திற்கென உல்வர்ஹாம்ப்டனிலிருந்து பிரின் ஜோன்ஸ் என்பவரை 14,000 பவுனுக்கு வாங்கினர். அதுவரை எவரும் கொடுத்திராத விலை. ஜோன்ஸ் நல்ல ஆட்டக்காரர், அடக்கமானவர். ஆனால் இடம் ஜேம்ஸுக்காக அமைந்தது. ஜேம்ஸின் கால்களோ அவரிடம் இல்லை. விலையைப் பற்றிய பேச்சு ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் முதுகில் ஏறியிருந்தது. அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டு அவருடைய நல்ல வயதை விழுங்கிவிட்டமையால், அவரைப் பற்றி முடிவாகத் தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

இதுகாறும் வாங்குவோன் பக்கம் நின்று பேசினோம். விற்கப்படுவோன் பக்கமும் ஒன்று உண்டு. எருதைப் போலவே அவனும் கேட்கப்படாமல் நின்றான். மிடில்ஸ்பரோவின் வில்ஃப் மானியன், இங்கிலாந்து அணியில் ஆடிய பெருவீரர், 1948-இல் வேறு கழகம் செல்ல விரும்பினார். கழகம் விடவில்லை. அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் மாதக்கணக்கில் ஆட்டமின்றி இருந்தார். முடிவில், வேறு வழியின்றி, 1949-இல் பழைய கழகத்திற்கே திரும்பினார். விதி அவரை வென்றது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து அவ்விதியை எதிர்த்து நின்றவர் நியூகாசிலின் ஜார்ஜ் ஈஸ்டம். 1960-இல் ஒப்பந்தம் முடிந்தவுடன் விடுதலை வேண்டினார். கழகம் மறுத்தது. அவர் ஆட்டத்தை விட்டு, தென்னிங்கிலாந்தில் சர்ரே மாவட்டம் சென்று, தக்கை விற்கும் வேலையில் அமர்ந்தார். சில மாதத்தில் நியூகாசில் இணங்கி அவரை 47,500 பவுனுக்கு ஆர்சனலுக்கு விட்டது. வேண்டியது கிட்டிற்றே என்று வேறொருவராயின் அமைதியடைந்திருப்பார். ஈஸ்டம் ஆட்டக்காரர் சங்கத்தின் துணையோடு வழக்கை நடத்தினார். 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார்: ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஒருவனைப் பிடித்து வைத்திருக்கும் விதி, அவன் தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுப்பது என்றார். இந்நீதிபதி, அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வழித்தோன்றல். பிறந்ததோ நம் நாட்டுப் பஞ்சாபில், ஜலந்தர் நகரில். சம்பள வரையறை அதற்கு முன்னரே, 1961-இல், நீங்கிவிட்டது.

எனினும் மாற்றுத்தொகை ஒழியவில்லை. பெல்ஜிய நாட்டு லியேஜ் கழகத்தின் ஜான்-மார்க் போஸ்மன், 1990-இல் ஒப்பந்தம் முடிந்தும் பிரான்சு நாட்டுக் கழகம் ஒன்றிற்குப் போகமுடியாமல் தடுக்கப்பட்டார். அவர் தொடர்ந்த வழக்கில் 1995 டிசம்பர் 15-ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தவன் ஐரோப்பியக் கூட்டுறவு நாடுகளுக்குள் வேற்று நாட்டுக் கழகத்திற்குத் தொகையின்றிச் செல்லலாமெனத் தீர்த்தது. உள்நாட்டுக் கழகங்களிடையேயும் நாளடைவில் அதுவே வழக்காயிற்று.

இப்புதிய காலத்தில் ஆர்சனலின் கொள்முதல்களைச் செய்தவருள் தலையாயவர், 1996-இல் மானேஜராக வந்த பிரெஞ்சுக்காரர் ஆர்சேன் வெங்கர். சாப்மனோடு அவரை ஒப்பிடுவது ஆங்கிலப் பத்திரிகைகளில் பழகிப்போன செய்தி. ஒன்று மட்டும் ஈண்டு வேண்டப்படுவது. மிலான் கழகத்தில் இடமின்றிக் கிடந்த இருபது வயது பாட்ரிக் வியேராவை, தாம் பதவி ஏற்குமுன்னரே 35 லட்சம் பவுனுக்கு வாங்கச் செய்தார். 1999-இல் நிக்கோலா அனெல்கா என்னும் இளைஞரை ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பவுனுக்கு மாட்ரிட் கழகத்திற்கு விட்டு, அதில் ஏறத்தாழப் பாதியைக் கொடுத்து யுவென்டஸ் கழகத்தின் தியரி ஆன்ரியைக் கொண்டார். அனெல்காவோ இரண்டாண்டுக்கு முன் 5 லட்சத்திற்கு வாங்கப்பட்டவர். ஆன்ரி அப்பொழுது பக்க முன்னணியார்; இத்தாலியில் சோபியாதவர். வெங்கர் அவரை நடுவில் நிறுத்தினார். முதல் எட்டு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. ஜேம்ஸுக்கு நேர்ந்த அதே நகைப்பு இவருக்கும் நேர்ந்தது. அவ்வாண்டு முடியுமுன் 26 கோல் இட்டுவிட்டார். பாஸ்டினுடைய 178-ஐ 1997-இல் இயன் ரைட் கடந்து 185 வரை சென்றிருந்தார். அதனை 2005-இல் ஆன்ரி கடந்தார். முடிவில் அவர் எண்ணிக்கை 228. சாப்மனுக்குப் பிந்திய கொள்முதல்களில் இதற்கு ஈடு வேறில்லை.

ஆயினும் சட்ட மாற்றத்தின் பயனைக் காட்டுவது மற்றொருவர் வரவு. சால் கேம்ப்பெல், ஆர்சனலின் அண்டைப் பகைவராகிய டாட்டன்ஹாம் கழகத்தின் தலைவர். சிறுவயது முதல் அங்கேயே வளர்ந்தவர். 2001-இல் ஒப்பந்தம் முடிந்தது. எங்கே செல்வதென்று இம்முறை ஆட்டக்காரனே தேர்ந்தான். வடக்கு இலண்டனில் நாலு கல் தொலைவே உள்ள ஆர்சனலுக்குச் சென்றார். மாற்றுத்தொகை ஒரு காசும் இல்லை. டாட்டன்ஹாம் கைக்கு ஒன்றும் வரவில்லை. தொகையாகப் போயிருக்கக்கூடியதில் ஒரு பங்கு அவருக்கே சம்பளமாகச் சென்றது. ராபர்ட்ஸ் நின்ற பின்காப்பு நடுவிடமே அவருடைய இடமும். பழைய காவலர்கள் முதுமையடைந்து அவ்விடம் காலியாகிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 17-ஆம் நாள் முதன்முறையாக டாட்டன்ஹாம் களத்திற்கு எதிரணி உடையில் சென்றபோது, அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் களம் முழுதும் ஏசிற்று. ஆட்டக்காரனுக்குக் கிடைத்த உரிமையின் விலையை அன்று அவர் ஒருவரே செலுத்தினார். தலை குனியாமல் ஆடி முடித்தார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாகச் சமமாயிற்று. அப்பருவத்தின் இறுதியில் ஆர்சனல் லீக் பட்டமும் கோப்பையும் ஒருங்கே வென்றது. 2003-04-ஆம் ஆண்டில் 38 ஆட்டங்களுள் 26 வென்று, 12 சமமாகி, ஒன்றிலும் தோலாமல் பட்டம் கொண்டது. பட்டம் உறுதியான நாள் 2004 ஏப்ரல் 25. இடம் டாட்டன்ஹாமின் அதே களம். கேம்ப்பெல் அன்றும் பின்காப்பு நடுவில் நின்றார்.